ஆயிரத்தில் எத்தனை மொட்டு

நாள் 203 — 07:40

போபோஸ் நிலையம், செவ்வாயின் நிலவில். பணியில் ஒருவர். தொட்டி தொள்ளாயிரம் லிட்டர், வெப்பம் 24, அமிலத்தன்மை சரி, காற்றோட்டம் சரி. நேற்றைய அறுவடை உலர் எடையில் மூன்றரைக் கிலோ. ஈஸ்ட் பதினாறு மணி நேரத்தில் இரட்டிக்கிறது. ஐந்து பேர் சாப்பிடலாம்.

இப்போதைக்கு நான் ஒருவன்தான். மற்ற நால்வரும் 'குறிஞ்சி' கப்பலில் வந்துகொண்டிருக்கிறார்கள். நாள் 219 அன்று 14:20 மணிக்கு எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைத்தால் இங்கே வந்து சேர்வார்கள். எரிக்காவிட்டால் கப்பல் செவ்வாயைச் சுற்றி வளைந்து பூமிக்கே திரும்பும். ஒன்பது மாத வழி. கையில் இருக்கும் சாப்பாடு மூன்று மாதத்துக்கு. இங்கே இறங்குவதற்கு அவர்களுக்கு இருக்கும் ஒரே காரணம் இந்தத் தொட்டி.

இந்தக் குறிப்பைப் பிறகு யாராவது எடுத்துப் படிப்பார்கள் என்பதால் பெயரைப் பதிகிறேன். டாக்டர் திரவியம், வயது 51, ஈஸ்ட் மரபியல். நிலையப் பொறுப்பாளர் என்பது பதவியின் பெயர். மாதக்கணக்கில் தனியாகத் தொட்டி கிண்ட ஆள் தேவைப்பட்டது, தொல்லை கொடுக்கும் ஆள் ஒருவனும் கையில் இருந்தான் என்பதுதான் விஷயம்.

நாள் 206 — 10:15

வாராந்திரத் தூய்மைச் சோதனை. முடிவு நூற்றுக்கு நூறு.

சோதனை இதுதான். ஈஸ்ட்டில் இரண்டு பால், ஏ என்றும் ஆல்பா என்றும் சொல்வோம். ஆல்பா செல் ஒரு சின்னப் புரதத் துணுக்கை வெளியே விடும். பெரோமோன். பதின்மூன்று அமினோ அமிலம் கோத்த துணுக்கு, எங்கள் ஆய்வகத்தில் அதற்கு 'அழைப்பு' என்று பெயர். ஏ செல்லின் மேல்தோலில் இருக்கும் ஏற்பி அதைப் பிடித்ததும் செல் மொட்டு விடுவதை நிறுத்தி, அழைப்பு வந்த பக்கம் மூக்கை நீட்டும். இணையத் தயார் என்று அர்த்தம்.

இயற்கையான ஏ செல் இதில் ஏமாந்து போகாது. ஏற்பியை உள்ளே இழுத்து விழுங்கிக்கொள்ளும். உள்ளிருக்கும் ஒரு பிரேக் புரதம் பரபரப்பை அடக்கும். வெளியே ஒரு நொதியை விட்டு அழைப்பையே நறுக்கிப் போடும். துணை வரவில்லையென்றால் சில மணி நேரத்தில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும்.

என் இனத்தில் அந்தப் பிரேக்கும் இல்லை, நொதியும் இல்லை. இரண்டையும் நான் நீக்கினேன். ஏ செல் மட்டுமே உள்ள தொட்டியில் எந்த அழைப்பும் வராது. வராத ஒன்றுக்குப் பிரேக் எதற்கு? அந்தப் புரதத்தைச் செய்யும் சத்து வளர்ச்சிக்குப் போகட்டும். மதுரையில் அளந்தோம், நூற்றுக்கு ஐந்து கூடுதல் விளைச்சல். அதை நிராகரித்த குழுவின் தலைவி டாக்டர் எஸ்தர் ஞானமணி. நானும் அவளும் பேராசிரியர் வைத்தியலிங்கத்திடம் ஒரே மேசையில் ஆறு வருடம் வேலை செய்தவர்கள். மூன்று வரிக் கடிதம் அனுப்பினாள். "அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பதற்கு இந்த இனத்திடம் பதில் இல்லை" என்பது அதில் இரண்டாம் வரி.

'குறிஞ்சி'யில் வரும் உயிரியலாளர் அவள்தான்.

தொட்டியில் விதைக்கச் சொல்லி அவளுடைய இனத்தைக் குப்பியில் உறைய வைத்து அனுப்பியிருந்தார்கள். நான் விதைத்தது என்னுடையது. அவளுடைய குப்பியை முதல் வாரமே கொதிக்க வைத்து, தொட்டிக்குத் தீனி போகும் பாகுக் கலத்தில் சேர்த்துவிட்டேன். அவள் இங்கே வந்து, ஒரு வாரம் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு சொல்வதாக இருந்தேன்.

சோதனைக்காக ஆல்பா செல்களை ஒரு குடுவையில் தனியே வளர்க்கிறேன். தொட்டி மாதிரியில் அதிலிருந்து ஒரு சொட்டு. எல்லாம் மூக்கு நீட்டினால் இனத்தில் கலப்பில்லை. மிஞ்சும் குடுவையை விதிப்படி அரை மணி கொதிக்க வைத்துப் பாகுக் கலத்தில் ஊற்றுகிறேன். இங்கே எதையும் வெளியே எறிவதில்லை. செத்த செல் கரைந்து பாகாகி மறுபடி தொட்டிக்குத் தீனியாகும்.

நாள் 208 — 06:55

அறுவடை ஒன்றேகால் கிலோ. எடைக்கருவியைச் சரிபார்த்தேன். கருவி சரி.

நாள் 208 — 08:30

ஸ்லைடு போட்டேன். ஆயிரம் செல் எண்ணினேன். மொட்டு ஒன்றுகூட இல்லை.

எல்லாம் மூக்கு நீட்டியிருக்கின்றன. பேரிக்காய் மாதிரி. திசைக்கு ஒன்றாக. தொட்டி முழுவதும் அழைப்பு கரைந்திருக்கிறது. எங்கே திரும்புவது என்று தெரியாமல் சில செல்கள் இரண்டு மூக்கு விட்டிருக்கின்றன.

நாள் 208 — 11:20

காரணம் தெரிந்தது. கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது வெட்கக்கேடு. முதல் வருட மாணவனுக்குத் தெரியும். கொதிக்க வைத்தால் ஆல்பா செல் சாகும். அது விட்ட அழைப்புக்கு ஒன்றும் ஆகாது. பதின்மூன்று அமிலம் கோத்த துணுக்கு, கொதிநீரில் கிடந்தாலும் வேலை செய்யும். மதுரையில் நானே பாடமாக நடத்தியிருக்கிறேன்.

இருபத்தொன்பது வாரம், வாரம் ஒரு குடுவை. பாகுக் கலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது. சாதாரண ஈஸ்ட்டாக இருந்தால் அதன் நொதி நறுக்கித் தள்ளியிருக்கும். என்னுடையதில் நறுக்க ஆள் இல்லை. உள்ளே அடக்கவும் ஆள் இல்லை.

புதிதாக விதைக்கலாமா என்று பார்த்தேன். எங்கே விதைத்தாலும் தீனி இந்த ஒரே பாகுதான். அழைப்பு கேட்காத ஆல்பா செல்லுக்குத் தனிச் சத்து வேண்டும், அது குடுவை அளவுக்குத்தான் இருக்கிறது.

நாள் 208 — 18:00

'குறிஞ்சி'க்கு அன்றாட அறிக்கை அனுப்பினேன். அறுவடை மூன்றரைக் கிலோ என்று எழுதினேன்.

நாள் 210 — 09:05

கப்பலிலிருந்து தளபதி யாக்கூபின் செய்தி. அப்படியே பதிகிறேன்.

"டாக்டர், அஸ்ஸலாமு அலைக்கும். உங்க ரிப்போர்ட்டப் பாத்துட்டு இங்க ஒரே குஷி. மூணரைக் கிலோ, மூணரைக் கிலோன்னு பயலுவ பாட்டே கட்டிட்டானுவ. நான் காயல்பட்டினத்துலேர்ந்து ஒரு பொட்டலம் மசாலா ஒளிச்சுக் கொண்டாந்திருக்கேன். உங்க மாவுல போட்டு எதாச்சும் செஞ்சு பாப்போம். வாய்க்கு வெளங்கலன்னா பழி ஒங்க மேலதான். எஸ்தர் மேடம் பேசணுங்கறாங்க, தாரேன்."

பிறகு அவள் குரல். ஐந்து வருடம் கழித்து.

"திரவியம் அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? நான்தான் எஸ்தரு. தொட்டி நல்லா போகுதுன்னு கேள்விப்பட்டேன், சந்தோசம். ஸ்லைடு படம் ஒண்ணு ரெண்டு அனுப்புங்களேன். சும்மா பாக்கத்தான். இங்க பாக்கதுக்கு ஒண்ணுமே இல்ல, சன்னல்ல ஒரே இருட்டுல்லா கெடக்கு."

சும்மா பார்ப்பாளாம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் சோதனைத் தட்டை எட்டிப் பார்த்தே பேர் வாங்கியவள். கேமரா பழுது என்று பதில் அனுப்பினேன்.

நாள் 212 — 16:40

கரித்தூள் வடிகட்டி வழியே பாகை இரண்டு நாள் சுற்றவிட்டேன். கரி நிறத்தை எடுத்துவிட்டது, அழைப்பை எடுக்கவில்லை. சோதனைச் செல்கள் அதில் போட்ட ஒன்றரை மணி நேரத்தில் மூக்கு நீட்டின.

மருந்துப் பெட்டியில் செரிமான மாத்திரை இருந்தது. புரதம் அறுக்கும் நொதி உள்ள மாத்திரை. அறுபதையும் பொடித்துப் போட்டேன். ஒரு லிட்டர் பாகில் வேலை செய்தது. கலத்தில் நானூறு லிட்டர்.

அறிக்கை: மூன்றரைக் கிலோ.

நாள் 214 — 07:30

மாதிரியை நிறமேற்றிப் பார்த்தேன். செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஆறு நாளாக மூக்கை நீட்டிக்கொண்டே இருந்தால் சுவர் தாங்காது, முனையில் விரிசல் விடுகிறது. அங்கே யாரும் இல்லை என்று அதற்குச் சொல்ல உள்ளே ஒன்றும் இல்லை. அதை எடுத்தவன் நான்.

நாள் 216 — 13:10

ஆயிரத்தில் பூஜ்யம். இனி எண்ணப் போவதில்லை. மைக்ரோஸ்கோப்பை மூடி வைத்துவிட்டேன்.

தீனி பம்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கப்பலின் திரையில் சிவப்பு விளக்கு எரியும்.

என் உலர் உணவு எனக்கு மட்டும் ஐந்து மாதம் வரும். அவர்கள் வந்தால் எல்லாம் சேர்த்து ஐவருக்கு மூன்றரை மாதம். அடுத்த கப்பல் இருபத்தாறு மாதம் கழித்து. அவர்கள் வந்தால் ஐந்து பேர் சாவோம். வராவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டில் நால்வரும் பூமிக்குப் போய்ச் சேரலாம். இங்கே ஒருவன்.

விடை தெரிந்த கணக்கு. மூன்று நாளாக அதையே போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கண் முன்னால் வருவது சாவு இல்லை. அவள் அந்த ஸ்லைடைப் பார்ப்பதுதான்.

நாள் 219 — 13:45

சொல்லிவிட்டேன். பதிவை எழுத்தில் மாற்றி இங்கே ஒட்டுகிறேன். கப்பல் அருகில் இருப்பதால் நேரடிப் பேச்சு.

நான்: "தொட்டி செத்துவிட்டது. பதினோரு நாளாக. அனுப்பிய அறிக்கைகள் பொய். எஞ்சினை எரிக்காதீர்கள்."

யாக்கூப்: "என்ன டாக்டர் சொல்றீங்க? பதினோரு நாளா? இன்னும் நாப்பது நிமிசம்தான் இருக்கு, இப்ப வந்து சொல்றீங்க."

நான்: "பெரோமோன் கசிவு. என் தவறு. தொட்டியில் விதைத்தது என்னுடைய இனம்."



எஸ்தர்: "அந்த பிரேக் இல்லாத இனமா, அண்ணாச்சி?"

நான்: "ஆமாம். நீ எழுதிய இரண்டாம் வரி சரியாகிவிட்டது. மகிழ்ச்சிதானே?"

எஸ்தர்: "அத விடுங்க. அதெல்லாம் ஒக்காந்து சண்ட போட நேரம் கெடைக்கும். இப்ப ஒரு ஸ்லைடு போடுங்க."

நான்: "எதற்கு?"

எஸ்தர்: "பதினோரு நாளு பம்பு ஓடியிருக்குல்லா. அத்தன கோடி செல்லுல ஒண்ணு ரெண்டுக்காவது ஏற்பி கெட்டுப் போயிருக்கும். செவிட்டுப் பயலுவ. அவனுவளுக்கு அழைப்பும் கேக்காது, ஒண்ணும் கேக்காது, அவனுவ பாட்டுக்குப் பெருகுவானுவ. ஆயிரத்துல எத்தன மொட்டுன்னு மட்டும் சொல்லுங்க. இருவது இருந்தாக்கூடப் போதும், ஆறு நாள்ல தொட்டி ரொம்பிரும். நான் கணக்குப் போட்டுச் சொல்லுதேன்."

நான்: "என் இனம் அப்படியெல்லாம் பிறழாது. அதை அளந்தவன் நான்."

எஸ்தர்: "சரி, பிறழாது. இருந்தாலும் எண்ணுங்க. கால் மணி நேரந்தான ஆவும். வைத்தியலிங்கம் சார்வாள் லேபுல செய்வமே, ஒராளு எண்ணச் சொல்ல ஒராளு எழுத. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன்."

யாக்கூப்: "டாக்டர், நேரம் ஓடுது. நாலு உசுரு. பாத்துச் சொல்லுங்க."

நான்: "பார்த்துவிட்டேன். பூஜ்யம்."

எஸ்தர்: "எப்பப் பாத்திய?"

நான்: "இன்று காலை. ஆயிரத்தில் பூஜ்யம்."

எஸ்தர்: "இன்னைக்குக் காலையிலயா அண்ணாச்சி? நெசமா?"

நான்: "எனக்கு எண்ணத் தெரியும், எஸ்தர்."

நாள் 219 — 14:31

14:20 கடந்தது. எஞ்சின் எரியவில்லை. வடக்குச் சன்னலில் செவ்வாயின் விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளைப் புள்ளி போனது. பதினோரு நிமிடம் தெரிந்தது.

கடைசியாக அவள் சொன்னது: "போயிட்டு வாரோம், அண்ணாச்சி. அடுத்த கப்பல சீக்கிரம் அனுப்பச் சொல்லி சண்ட போடுதேன். ரேசன பாத்துத் தின்னுங்க."



நால்வர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரும் எழுதப் போவதில்லை.

நாள் 222 — 06:20

தொட்டி அறையில் வாசனை. மாவு புளிக்கும் வாசனை. பதினான்கு நாளாக இல்லாதது.

நாள் 222 — 06:50

ஆயிரத்தில் 310 மொட்டு.

மறுபடி எண்ணினேன். 322.

நாள் 222 — 09:15

அழைப்புச் சொட்டு போட்டேன். உருண்டையாகவே இருக்கின்றன. ஒன்றுகூட மூக்கு நீட்டவில்லை. ஏற்பி மரபணுவைப் படித்துப் பார்த்தேன். நடுவில் ஓர் எழுத்து விழுந்துவிட்டது. அதோடு புரதம் பாதியில் நின்றுவிடுகிறது.

அவள் சொன்ன கணக்கை இப்போது போட்டேன். நாள் 208இல் பத்து லட்சத்தில் ஒன்று. பதினாறு மணிக்கு ஓர் இரட்டிப்பு. நாள் 216இல் ஆயிரத்துக்கு நான்கைந்து செவிட்டுச் செல். மொட்டோடு இருப்பது அதில் ஒன்றோ இரண்டோ. நான் எண்ணிய ஆயிரத்தில் தப்பியிருக்கலாம். நாள் 219 மதியம் ஆயிரத்துக்கு நூறு. மொட்டு என்று பார்த்தால் முப்பதுக்குக் குறையாது.

இருபது போதும் என்றாள்.

கால் மணி நேரம். நாற்பது நிமிடம் இருந்தது. மைக்ரோஸ்கோப் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. உறை போட்டிருந்தேன். அந்த உறையை எடுக்கவில்லை.

நாள் 222 — 18:00

கப்பலிலிருந்து அன்றாடச் செய்தி. எஸ்தர்: "அண்ணாச்சி, நாங்க பங்கு பிரிச்சிட்டோம். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு பொட்டலத்துல மூணுல ஒண்ணு. தளபதி மசாலாவ மோந்து பாத்துட்டு தண்ணி குடிக்காரு. சிரிக்காமத்தான் செய்யிதாரு. நீங்க சாப்ட்டியளா?"

பதில்: "சாப்பிட்டேன்."

தொட்டியைப் பற்றி எழுதினேன். அழித்தேன். சொல்லி என்ன ஆகும்? இனி கப்பலைத் திருப்பும் அளவுக்கு எரிபொருள் இல்லை. தெரிந்துகொண்டு பசியோடு போவார்கள். தெரியாமல் போனால் பசி மட்டும்.

இது அவர்களுக்காகத்தான். அவர்களுக்காகத்தான் என்று மூன்று முறை எழுதி

நாள் 229 — 07:00

அறுவடை நான்கு கிலோ. ஒருவன் தின்ன ஒரு கிலோவே அதிகம். மிச்சத்தைக் காய வைத்துப் பையில் கட்டுகிறேன். பைகள் தீர்ந்தன. படுக்கை உறைகளில் கட்டுகிறேன்.

நாள் 241 — 18:05

யாக்கூப், நாள் 219க்குப் பிறகு முதல் முறையாக: "டாக்டர். உங்கள திட்டிருவேன்னுதான் இத்தன நாளும் மைக்க தொடல. இன்னைக்கு ஒண்ணு சொல்லணும். நீங்க வரவேணாம்னு சொன்னது சரிதான். அங்க வந்திருந்தா அஞ்சு பேரும் போயிருப்போம். எஸ்தர் மேடத்துக்கு நேத்து மயக்கம் வந்திருச்சு. அவங்க பங்குல பாதிய எங்கள்ல வயசுல சின்னப் பயலுக்கு ஊட்டிட்டு இருந்திருக்காங்க, எங்க யாருக்கும் தெரியல. நீங்க அங்க என்ன பாடுபடுறீங்களோ. தைரியமா இருங்க."



நாள் 241 — 19:30

அறுவடை நான்கேகால் கிலோ.

நாள் 246

நடைபாதை முழுக்க மூட்டை. குனிந்துதான் போக வேண்டும். பம்பை நிறுத்தலாம். நிறுத்தினால் கப்பலின் திரையில் சிவப்பு எரியும். செத்த தொட்டிக்கு இத்தனை நாள் ஏன் பம்பு ஓடியது என்று அவள் கேட்பாள். அவள் கேட்பாள். அவளுக்கு ஒரு விநாடி போதும்.

நாள் 253 — 18:00

எஸ்தர். குரல் தேய்ந்திருக்கிறது: "அண்ணாச்சி, நாந்தான். படுத்துட்டேதான் பேசுதேன். ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கிடாதிய. உங்க பம்பு இன்னும் ஓடுதாமே. தொட்டி எடை கூடுதுன்னு திரையில காட்டுது. கருவி கோளாறுன்னு தளபதி சொல்லுதாரு. நான் ஒண்ணுஞ் சொல்லல அவருகிட்ட. அன்னைக்குக் காலையில நெசமாவே எண்ணுனியளா? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் நம்பிக்கிடுதேன்."

நாள் 253 — 18:40

அழைப்பு. எடுக்கவில்லை.

நாள் 254 — 18:00

அழைப்பு. எடுக்கவில்லை. நாற்பது விநாடி ஒலித்தது.

நாள் 255 — 18:00

அழைப்பு. எடுக்கவில்லை.

நாள் 256

ஏற்பியின் கம்பியைப் பிடுங்கினேன். ரேடியோ ஏற்பி. நடைபாதையில் இப்போது பம்பு ஓடும் சத்தம் மட்டும்.

அறுவடை ஐந்து கிலோ. ஐந்து பேருக்கு

நாள் 270 அல்லது 271

ஈஸ்ட் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது. வெதுவெதுப்பாக இருக்கிறது. தரையில் கணுக்கால் அளவு. கரண்டியால் எடுத்துத் தின்றேன். நன்றாக இருக்கிறது.

ஆயிரத்தில் 402.

ஆயிரத்தில் 398.

ஆயிரத்தில் 411.

ஆயிரத்தில்